கிளினிக் கொப்பியில் இல்லாத வரி

எத்தாளையிலிருந்து சீனிக் கிளினிக்குக்குப் போய்வரும் அனைவருக்கும்,

காக்காமாரே, ராத்தாமாரே, அண்ணன்மாரே, அக்காமாரே,

நீங்கள் மாதாமாதம் கையில் எடுத்துக்கொண்டு போகும் கொப்பியைப் பற்றித்தான் எழுதுகிறேன். விடியற்காலையில் வெறும் வயிற்றோடு கற்பிட்டி பஸ்ஸையோ புத்தளம் பஸ்ஸையோ பிடித்து, நம்பர் எடுத்து, வாங்கில் காத்திருந்து நீட்டுகிறீர்களே, அந்தக் கொப்பி. அதில் சீனி அளவு இருக்கும், பிரஷர் இருக்கும், நிறை இருக்கும். சிலருடையதில் கண் கிளினிக் துண்டு ஒட்டியிருக்கும். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்த குறிப்பும் இருக்கலாம். முரசைப் பற்றி ஒரு வரி எழுதிய கொப்பியைக் காண்பது அபூர்வம். புத்தகங்களில் ஈறு என்று எழுதுவார்களே, அந்த முரசுதான்.

டொக்டர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. பல் துலக்கும்போது இரத்தம் வந்தால் பிரஷ் புதிது, குத்துகிறது என்று விட்டுவிடுகிறோம். பல் ஆடினால் வயசாகிவிட்டது என்கிறோம். முரசு நோய் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காத ஒன்றுக்காகக் கடலுக்குப் போகாமல், மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் விடாமல், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க யாருக்கு மனம் வரும்? வலி தொடங்கிப் போகும்போது, பல்லைப் புடுங்குவது தவிர டொக்டருக்கும் பல நேரம் வேறு வழி இருக்காது.

உங்களுக்கு ஏன் இதைத் தனியாக எழுத வேண்டும்? இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது. சீனி கட்டுப்படாதவருக்கு முரசு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு. எதிர்த்திசையிலும் பாதிப்பு உண்டு: முரசு வருடக்கணக்கில் வீங்கிக் கசிந்துகொண்டிருந்தால், இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யாமல் சீனி ஏறுகிறது. முரசுக்கு முறையாக வைத்தியம் செய்தவர்களின் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சீனிக் கணக்கு, மூன்று நாலு மாதத்தில் சராசரியாக 0.4 அளவுக்கு இறங்குகிறது என்று, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கொக்ரேன் அமைப்பு 2022இல் சொன்னது. 8.2 இருந்தவர் 7.8க்கு வருகிறார். மாத்திரையை நிறுத்திவிடும் அளவுக்கு இது பெரியதல்ல. ஆனாலும் கொப்பியில் எழுதத் தகுந்த இறக்கம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "துப்பினால் போதும், முரசு நோய் தெரிந்துவிடும்" என்று ஒரு வீடியோவோ விளம்பரமோ என்றைக்காவது உங்கள் போனுக்கு வரும். அது புளுகு அல்ல. முழு உண்மையும் அல்ல.

பல் நேரடியாகத் தாடை எலும்பில் ஒட்டியிருப்பதில்லை. பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே கொலாஜன் என்ற புரதத்தாலான நார்கள் ஆயிரக்கணக்கில் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பல்லும் முரசும் சேரும் விளிம்பில் அழுக்குப் படிந்து கிருமி பெருகினால், அதை எதிர்க்க வெள்ளை அணுக்கள் அங்கே வந்து குவிகின்றன. அவை கொண்டுவரும் ஆயுதங்களில் ஒன்று எம்எம்பி-8 என்ற நொதியம். கொலாஜனை வெட்டுவதுதான் அதன் வேலை. சாதாரண நாட்களில் அது பூட்டிய நிலையில் கிடக்கும். நோய் மும்முரமாக நடக்கும்போது பூட்டு அவிழ்ந்து, நம்முடைய நாரையே அறுக்கிறது. நம் பல்லை ஆட்டுவதில் பெரும் பங்கு நம் உடம்பின் சொந்தப் படைக்குத்தான்.

முரசு விளிம்பில் எப்போதும் கொஞ்சம் நீர் ஊறிக்கொண்டிருக்கிறது. வீக்கம் கூடினால் ஊற்றும் கூடும். பூட்டு அவிழ்ந்த எம்எம்பி-8 அந்த நீரோடு வெளியே வந்து உமிழ்நீரில் கலக்கிறது. அதோடு இன்னும் சில வருகின்றன: வீக்கத்தை மூட்டிவிடும் இன்டர்லூக்கின்-1 பீட்டா, எலும்பு கரையும்போது கழன்றுவரும் கொலாஜன் துண்டுகள், கிருமிகளின் சொந்த அடையாளங்கள், கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம். இவற்றுக்கெல்லாம் சேர்த்து உயிர்க்குறிகாட்டிகள் என்று பெயர். ஜப்பானில் உமிழ்நீரில் மறைந்திருக்கும் இரத்தத்தைப் பார்த்தே கூட்டமாகப் பரிசோதிப்பதுண்டு. ஐரோப்பாவில் அதிகம் வேரூன்றியது எம்எம்பி-8. பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் திமோ சோர்சா என்ற பேராசிரியர் பல பத்தாண்டுகளாக இதன் பின்னால் நின்றார். அந்த ஆராய்ச்சியை அடிப்படையாக வைத்து ஜேர்மனியில் பீரியோசேஃப் என்ற பரிசோதனைக் கீலம் வந்தது. கொரோனாக் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தோமே, அதே மாதிரிக் கீலம்தான். வாயைச் சாதாரணத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பி, ஒரு நிமிஷம் பொறுத்து, சுத்தமான நீர் 5 மில்லிலீற்றரை அரை நிமிஷம் வாயில் வைத்துக் கொப்பளித்துக் கிண்ணத்தில் விட வேண்டும். அதிலிருந்து சில துளி கீலத்துக்குப் போகும். ஐந்து நிமிஷத்தில் கோடு விழும். ஒரு மில்லிலீற்றரில் 20 நானோகிராமுக்கு மேல் இருந்தால் இரண்டாவது கோடு. ஊசி இல்லை, வலி இல்லை. சீனி உள்ளவர்களுக்கு வாய் அடிக்கடி வறண்டுபோகும், துப்பச் சொன்னால் துப்பல் வராது. தண்ணீரால் கொப்பளிக்கும் முறை அவர்களுக்கு வசதி.

இவ்வளவு பாடு எதற்கு, பல் டொக்டர் வாயைத் திறந்து பார்த்தால் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை முரசுக்கும் பல்லுக்கும் இடையில் விட்டு ஆழம் பார்ப்பார்கள். மூன்று மில்லிமீற்றர் வரை பயமில்லை. ஒரு பல்லைச் சுற்றி ஆறு இடம் என்றால், 28 பல்லுக்கு 168 அளவு. நேரம் பிடிக்கும், கூசும். அதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. அந்தக் கம்பி சொல்வது நடந்து முடிந்த சேதத்தை. இன்றைக்கு உள்ளே அழிவு நடக்கிறதா, போன வருஷத்தோடு நின்றுவிட்டதா என்பதை அது சொல்லாது. கம்பி பட்டு இரத்தம் வராத இடம் பெரும்பாலும் அமைதியாக இருக்கிறது என்று நம்பலாம். இரத்தம் வருகிற இடமெல்லாம் மோசமாகிக்கொண்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. நீங்கள் சீனிக்குச் செய்யும் இரண்டு பரிசோதனைகளை நினைத்துப் பாருங்கள். எச்பிஏ1சி கடந்த மூன்று மாதக் கணக்கு, விரலில் குத்திப் பார்ப்பது இன்றைய கணக்கு. கம்பி முதலாவது மாதிரி, உமிழ்நீர் இரண்டாவது மாதிரி. ஒன்றிருந்தால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

இங்கே பூண்டுலோயாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

வைத்தியமே செய்யாமல் விட்டால் முரசு நோய் என்ன செய்யும்? உலகம் முழுவதும் பல் மருத்துவ மாணவர்கள் இந்தக் கேள்விக்குப் படிக்கும் விடை நம் நாட்டுத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களின் வாயிலிருந்து எழுதப்பட்டது. ஹரால்ட் லோ என்ற நோர்வேக்காரரின் குழு 1970இல் பூண்டுலோயாவில் டன்சினன், ஹரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண்களைப் பரிசோதிக்கத் தொடங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க ஒஸ்லோவில் படித்த ஆண்களை 1969இலேயே எடுத்திருந்தார்கள். அங்கே குழந்தைப் பருவத்திலிருந்து பல் வைத்தியம் இருந்தது. இங்கே பல் துலக்கும் பழக்கமும் இல்லை, வைத்தியமும் இல்லை. பற்சூத்தை அநேகமாக இல்லாததால், விழுந்த பல் எல்லாம் முரசு நோயால் விழுந்தது என்று கணக்கெடுக்க முடிந்தது.

1986இல் வெளிவந்த முடிவு இதுதான். எல்லோருடைய வாயிலும் அழுக்கும் காறையும் வீக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தும், நோய் ஒரே மாதிரி நடக்கவில்லை. நூற்றுக்கு 8 பேருக்கு மிக வேகமாக ஓடியது, 81 பேருக்கு நடுத்தரமாக நகர்ந்தது, 11 பேருக்கு வீக்கத்தோடு நின்றுவிட்டது. வேகமாக ஓடியவர்களுக்கு 35 வயதிலேயே பல்லின் பிடிப்பு சராசரி 9 மில்லிமீற்றர் போயிருந்தது. 45 வயதில் 13. பல் வேர் முழுவதுமே ஏறக்குறைய அவ்வளவு நீளம்தான்.

480 பேரில் 75 பேரை 2010இல் திரும்பத் தேடிப் பார்த்தார்கள். நாற்பது ஆண்டுக் கதை 2017இல் வெளிவந்தது. அதிலிருந்து நமக்கு வேண்டிய ஒரு வரி: 30 வயதில் சராசரி இழப்பு 1.81 மில்லிமீற்றருக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு, 60 வயதில் குறைந்தது 20 பல் மிஞ்சியிருக்கும் வாய்ப்பு அதிகம். அறுபதில் கடித்துச் சாப்பிட முடியுமா என்பது முப்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

அந்த 2017 கட்டுரையின் முதல் பெயர் கிறிஸ்டோப் ராம்சையர், சுவிற்சர்லாந்துக்காரர். அவருடைய பெயர் முதலில் நிற்கும் இன்னொரு கட்டுரை 2009இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது, வில்லியம் ஜியனொபிலியின் குழுவோடு. உமிழ்நீரில் எம்எம்பி-8 முதலியவற்றையும் பல் அழுக்கில் கிருமிகளையும் சேர்த்து அளந்தால் முரசு நோயை எவ்வளவு சரியாகப் பிரித்தறியலாம் என்பதுதான் அதன் பொருள். தோட்ட லயத்து வாய்களுக்கும் உமிழ்நீர்ப் பரிசோதனைக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு மனிதரின் இரண்டு கட்டுரைகள். எட்டுப் பேர் வேகமாக இழப்பார்கள், பதினொரு பேர் இழக்க மாட்டார்கள் என்றால், யார் அந்த எட்டுப் பேர் என்று முன்கூட்டியே தெரிய வேண்டாமா? உயிர்க்குறிகாட்டிகளைத் தேடும் ஓட்டத்தின் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குத்தான்.

பதினைந்து வருஷம் அந்தத் தோட்டங்களில் நோயை அளந்தார்கள். அளந்த அக்கறையோடு வைத்தியமும் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. அக்காலத்து ஆராய்ச்சி முறை அப்படி என்று சமாதானம் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிரஜாவுரிமை பறிக்கப்பட்டு, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி கப்பலேறக் காத்திருந்த ஒரு சமூகம் 'வேண்டாம்' என்று சொல்லும் நிலையில் இருக்கவில்லை. அவர்களிடமிருந்து எடுத்த அறிவு அவர்களைப் போன்ற ஏழைகளின் வாய்க்குத் திரும்பி வர வேண்டும். எத்தாளைக்கும் அதில் பங்குண்டு.

உங்களுக்கு நேரடியாக உறைக்கும் இடம் இனித்தான். 2017இல் சிக்காகோவில் கூடிய முரசு நோய் நிபுணர்கள் புதிய வகைப்பாடு ஒன்றைத் தீர்மானித்து அடுத்த வருஷம் வெளியிட்டார்கள். நோய் மெதுவாகவா, நடுத்தரமாகவா, வேகமாகவா போகிறது என்று ஏ, பீ, சீ எனத் தரம் பிரிக்கிறார்கள். பூண்டுலோயாவின் மூன்று கூட்டத்தை அதில் அடையாளம் காணலாம். முரசு நோய் உள்ள ஒருவரின் எச்பிஏ1சி 7 அல்லது அதற்கு மேல் என்றால், அவரை சீ தரத்தில் வைக்கிறார்கள். ஒரு நாளைக்குப் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ குடிப்பவரும் அங்கேதான். உங்கள் கொப்பியில் கடைசியாக எழுதிய எச்பிஏ1சி எத்தனை என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். உயிர்க்குறிகாட்டிகளுக்கும் அந்த வகைப்பாட்டில் இடம் விட்டிருக்கிறார்கள், ஆதாரம் போதிய அளவு சேர்ந்ததும் நிரப்புவதற்கு. இன்னும் நிரப்பவில்லை.

ஏன் நிரப்பவில்லை? கீலத்தில் இரண்டு கோடு விழுந்தால் வாயில் எங்கோ அழிவு நடக்கிறது என்று மட்டும் தெரியும். எந்தப் பல், எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் என்பது தெரியாது. வைத்தியம் செய்யக் கம்பியும் எக்ஸ்ரேயும் வேண்டியே இருக்கும். நல்ல வாயில் சில நேரம் கோடு விழும், நோயுள்ள வாயில் சில நேரம் விழாது. நாலைந்து பல் மட்டும் மிஞ்சியிருக்கும் மூத்தவர்களுக்கு, மிஞ்சிய பல் எல்லாம் ஆடினாலும் கலக்கும் நீர் குறைவு என்பதால் அளவு தாழ்வாகக் காட்டக்கூடும். துலக்கும்போதே இரத்தம் வரும், வாய் நாறும், பல் ஆடும் ஒருவருக்கு இந்தக் கீலம் வீண் செலவு. விடை கண்ணாடியிலேயே இருக்கிறது.

என் அபிப்பிராயத்தில் இந்தக் கீலம் இரண்டு இடத்தில் பயன்படும். ஒன்று, பல் நாற்காலி இல்லாத சீனிக் கிளினிக்கில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, யாரை முதலில் பல் பிரிவுக்கு அனுப்புவது என்று தாதியே தீர்மானிக்க. இரண்டு, காறை நீக்கி வேர் வரை சுத்தம் செய்தபின், நோய் அடங்கிவிட்டதா, திரும்ப மூளுகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க. ஒரு தரம் பார்த்த எண்ணைவிட, அதே ஆளின் எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே பேசும். ஆனால் கோடு விழுந்த ஆளுக்கு நாலைந்து மாதம் கழித்துத்தான் பல் டொக்டர் கிடைப்பார் என்றால், கீலம் வந்தும் பயனில்லை. கவலை மட்டும் கூடும். அரசாங்கக் கிளினிக்குகளில் இது இன்று வழக்கத்தில் இல்லை. வந்தால் அதோடு பல் பிரிவில் ஆளும் நேரமும் சேர்ந்து வர வேண்டும். தனியார் கடையில் யாராவது தனியாக விற்றால், உங்கள் காசை வைத்துக்கொள்ளுங்கள்.

வெற்றிலை போடுபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. துப்பல் எப்போதும் சிவப்பாக இருந்தால் இரத்தம் எது, வெற்றிலைச் சாறு எது என்று எப்படித் தெரியும்? முரசு கொடுக்கும் முதல் எச்சரிக்கை அங்கேயே மறைந்துவிடுகிறது. புகைப்பவருக்கு வேறு விதமான மறைப்பு. அவர்களுடைய முரசில் இரத்தம் கசிவது குறைவு, அதனால் நல்ல முரசு மாதிரித் தெரியும், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். பாக்குக்கு இன்னொரு கணக்கும் உண்டு: புகையிலை சேர்க்காத பாக்கே புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாய் திறப்பது குறுகுகிறது, வெள்ளைத் தழும்பு தெரிகிறது என்றால் உமிழ்நீர், கீலம் எதற்கும் காத்திராமல் உடனே பல் பிரிவுக்குப் போங்கள்.

மிஸ்வாக் பாவிப்பவர்கள் அதை விட வேண்டாம். பல்லின் வெளிப்பக்கத்தை அது நன்றாகத் தேய்க்கும். முரசு நோய் பெரும்பாலும் தொடங்குவது பல்லுக்கும் பல்லுக்கும் இடையில், அங்கே குச்சி போகாது. இரவில் படுக்குமுன் இடைவெளியையும் நூலாலோ சின்ன பிரஷாலோ எடுக்க வேண்டும். நோன்பு மாதத்தில் பகலில் உமிழ்நீர் குறைவதால், சஹருக்குப் பிறகும் நோன்பு திறந்தபிறகும் துலக்குவது கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல் துலக்காமல் விட்டால் எவ்வளவு விரைவில் முரசு வீங்கும் என்பதையும் அதே ஹரால்ட் லோதான் 1965இல் டென்மார்க்கில் காட்டினார். 12 பேர், அநேகமாகப் பல் மருத்துவ மாணவர்கள், துலக்குவதை நிறுத்தினார்கள். பத்து நாளிலிருந்து மூன்று கிழமைக்குள் எல்லோருக்கும் முரசு வீங்கியது. திரும்பத் துலக்கத் தொடங்கியபின் ஏறக்குறைய ஒரு கிழமையில் வடிந்தது. எலும்பு கரையாதவரை முரசு பழைய நிலைக்குத் திரும்பும். கரைந்த எலும்பு தானாக வளராது.

உங்கள் பிள்ளைகள் இருக்கிறார்களே, இருபத்தைந்து இருபத்தெட்டு வயதில், வாடியிலும் தோட்டத்திலும் வெளிநாட்டிலும் வேலை செய்பவர்கள், அவர்களையும் ஒருமுறை அனுப்புங்கள். முப்பதுக்குமுன் ஒரு கம்பி அளவு எடுத்து வைத்தால், பின்னால் எல்லாவற்றையும் அதோடு ஒப்பிடலாம். உம்மா வாப்பாவுக்குச் சீனி என்றால் இது இன்னும் அவசியம்.

நம் நாட்டில் கர்ப்பிணித் தாய்மாரைப் பல் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. மருத்துவிச்சி மிஸ் சொல்லி அனுப்புவார், அவர்களும் போகிறார்கள். சீனிக்காரருக்கு மட்டும் ஏன் அந்த வழக்கம் இல்லை? கண்ணுக்கு அனுப்புகிறார்கள், காலைப் பார்க்கிறார்கள், முரசு அந்தப் பட்டியலில் சேர ஒரு சட்டமும் தேவையில்லை, பணமும் பெரிதாகத் தேவையில்லை. இதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எழுத்தில் கேட்கலாம். பள்ளிவாசல் நிர்வாகமும் கோயில் சபையும் மீனவர் சங்கமும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்தால் இன்னும் கனக்கும்.

அதற்கெல்லாம் முன்பு, அடுத்த கிளினிக் நாளில் கொப்பியை நீட்டும்போது டொக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்: "துலக்கும்போது இரத்தம் வருது டொக்டர், முரசைப் பார்க்கப் பல் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதித் தாங்க." இரத்தம் வராதவர்களும் வருஷத்துக்கு ஒரு தரம் அந்தத் துண்டைக் கேளுங்கள். பல் டொக்டரிடம் போனால், பல்லைப் புடுங்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்று அவர் நினைத்துவிடாமல், முரசின் ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள். அளந்ததை அதே கொப்பியில், சீனி அளவுக்குப் பக்கத்தில், எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.